இரண்டு வில்லியம்கள்: சசெக்ஸ் பதிவேடுகளில் ஒரு மூதாதையைத் தேடிய கதை

என் மாமியாரின் முன்னோர் இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில் பல தலைமுறைகளாக விவசாயக் கூலிகளாக வாழ்ந்தவர்கள். அவருடைய அத்தை ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் பென்சிலால் வரைந்த வம்சாவளித் தாள் ஒன்று வீட்டு அலமாரியில் கிடந்தது. அதன் உச்சியில் வில்லியம் என்ற பெயரும், ‘1738, தந்தை தாமஸ்’ என்ற குறிப்பும், அதற்குப் பக்கத்தில் மிகச் சிறிய கேள்விக்குறி ஒன்றும் இருந்தன. அந்தக் கேள்விக்குறியை நீக்க முடியுமா என்று பார்ப்பதுதான் நான் எடுத்துக்கொண்ட வேலை. ஒரு குளிர்காலத்தில் முடிந்துவிடும் என்று தொடங்கியது ஒன்றரை ஆண்டு இழுத்தது. அதே பெயரைத் தாங்கும் உறவினர்கள் இன்றும் அந்தப் பக்கத்தில் வாழ்வதால் குடும்பப் பெயரையும் ஊர்ப் பெயரையும் இங்கே எழுதாமல் விடுகிறேன்.

தெரிந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும் என்பதே இந்த வேலையின் முதல் ஒழுங்கு. ஆகவே அத்தையின் தாளை நம்பாமல், 1841-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விவசாயக் கூலியாகப் பதிவான ஜேம்ஸ் என்பவரிடமிருந்து தொடங்கினேன். அவருக்கு 70 வயது என்று எழுதியிருந்தது. அந்தக் கணக்கெடுப்பில் 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி கணக்கெடுப்பாளர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது என்பதால், 70 என்றால் 70 முதல் 74 வரை எதுவாகவும் இருக்கலாம். உள்ளூர் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1770-ஆம் ஆண்டு வில்லியம், மேரி தம்பதியின் மகனாக ஜேம்ஸ் இருந்தார். அந்தப் பெயரில் வேறு குழந்தை இல்லை. வில்லியம், மேரி இருவருக்கும் அதே ஆலயத்தில் 1768-இல் திருமணம் நடந்திருந்தது. இதுவரை அத்தையின் தாளும் நானும் ஒன்றாகவே நடந்தோம்.

1768 என்பது நல்வாய்ப்பான ஆண்டு. 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டத்தின்படி, ஒவ்வொரு திருமணமும் அதற்கென வைத்த ஏட்டில் பதிவாக வேண்டும். மணமக்களும் குருவானவரும் இரண்டு சாட்சிகளும் அதில் கையொப்பமிட வேண்டும். அதற்கு முந்தைய பதிவுகளில் பெரும்பாலும் இரண்டு பெயர்களும் ஒரு தேதியும்தான் மிஞ்சும். எங்கள் வில்லியம் மூன்று வாரம் ஆலயத்தில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்து மணம் முடித்தவர். மணமாகாதவர், இந்தப் பாரிஷை (ஓர் ஆலயத்தின் எல்லைக்குட்பட்ட பகுதியை) சேர்ந்தவர் என்ற குறிப்புக்குக் கீழே, தடுமாறினாலும் சொந்தக் கையால் தம் பெயரை எழுதியிருந்தார். மேரி பெருக்கல் குறி போட்டிருந்தார். சாட்சிகளில் ஒருவர் ஜான். அவருக்கும் அதே குடும்பப் பெயர். அந்தப் பெயரை நான் அன்று குறித்துக்கொண்டேனே தவிர, அதன் எடையை உணரவில்லை.

வயதும் பெற்றோர் பெயரும் திருமணப் பதிவில் இல்லை. அத்தை அதே பாரிஷில் 1738-இல் ஞானஸ்நானம் பெற்ற வில்லியமைக் கண்டு, அவர்தான் மணமகன் என்று முடிவு செய்திருக்கிறார். முப்பது வயது மணமகன் என்பது பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பெயரும் ஊரும் ஒத்துப்போவது ஆளை உறுதிசெய்யாது. வில்லியம், ஜான், தாமஸ் என்ற மூன்று பெயர்களையே மாற்றி மாற்றி வைத்துக்கொண்ட ஊர் அது. கிராமத்தவர்களின் நடமாட்டம் பெரும்பாலும் சந்தைக்கு நடந்துபோய்த் திரும்பும் தொலைவுக்குள் இருந்ததால், வரைபடத்தில் ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் வந்த ஒன்பது பாரிஷ்களின் பதிவேடுகளையும் 1725 முதல் 1750 வரை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். அச்சிட்ட அட்டவணையைப் பார்க்காமல் மூலத்தின் படங்களைப் பார்த்ததுதான் வேலையைத் திருப்பிவிட்டது.

அடுத்த பாரிஷின் ஏட்டில், பழுப்பேறிய மையில், ‘வில்லியம்’ என்பதன் சுருக்கமும் அதை அடுத்துத் தந்தையின் பெயரும் தாய் சாராவின் பெயரும் இருந்தன. அட்டவணையைத் தயாரித்தவர் தந்தையை ‘ஜேம்ஸ்’ என்று படித்திருந்தார். ஏட்டில் இருந்ததோ ஒரு ‘ஜே’, அதற்கு அடுத்து இரண்டு கால்கள் உள்ள சிறு எழுத்து, பிறகு வரிக்கு மேலே தூக்கி எழுதிய குட்டி வட்டம். அக்காலத்தில் ஜேம்ஸைச் சுருக்கினால் கடைசியில் ‘எஸ்’ வரும். ஜானைச் சுருக்கினால் ‘என், ஓ’ வரும். ஐயம் தீர, அதே குருவானவர் எழுதிய அதே பத்தாண்டுப் பக்கங்களிலிருந்து ஐயத்துக்கு இடமில்லாத ஜேம்ஸ்களையும் ஜான்களையும் வெட்டி எடுத்து ஒரே தாளில் வரிசையாக ஒட்டினேன். பழைய கையெழுத்தைப் படிக்க எந்தப் பாடநூலையும் விட, எழுதியவரின் எழுத்துகளைக் கொண்டே தயாரிக்கும் இப்படிப்பட்ட எழுத்து அட்டை அதிகம் உதவும். ஒட்டி முடித்ததும் ஐயமே இல்லை: தந்தை ஜான். அட்டவணை செய்த ஒரு பிழையால் இந்தக் குழந்தை இத்தனை ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

தேதி பிப்ரவரி 12, ஆண்டு 1741 என்றிருந்தது. இதை அப்படியே எழுதிக்கொண்டால் தவறு. இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. ஆகவே ஏட்டில் 1741 பிப்ரவரி என்பது 1741 டிசம்பருக்குப் பின்னால் வரும் பிப்ரவரி, நம் கணக்கில் 1742. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஆய்வாளர்கள் 1741/2 என்று இரட்டையாக எழுதுகிறார்கள். 1752 முதல் ஜனவரி 1-இல் ஆண்டு தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது. பதினொரு நாள் வித்தியாசம் என் வேலையில் குறுக்கிடவில்லை. ஓராண்டு வித்தியாசமோ பின்னால் வழக்கையே தீர்த்துவைத்தது.

இப்போது என் கையில் இரண்டு வில்லியம்கள்: தாமஸின் மகன் 1738-இல், ஜானின் மகன் 1742-இல். இருவரும் அநேகமாக ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஆலயப் பதிவேடுகளை மட்டும் எவ்வளவு புரட்டினாலும் இவர்களில் 1768-இன் மணமகன் யார் என்று சொல்ல வழியில்லை. ஆலயம் ஒருவனைப் பிறப்பு, திருமணம், அடக்கம் என்ற மூன்று வாசல்களில் மட்டும் சந்திக்கிறது. இடைப்பட்ட வாழ்க்கையில் அவனைத் துரத்தியவர்கள் நிலப்பிரபுவின் காரியஸ்தரும் வரி வசூலிப்பவரும் ஏழை நிவாரணக் கண்காணிப்பாளரும்தான். எனவே அவர்களுடைய ஏடுகளுக்குப் போனேன்.

கூலிக்காரர் குடும்பத்துக்கு நிலப் பதிவுகளில் என்ன இருக்கப்போகிறது என்று மாமியார் கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் தென்கிழக்கு இங்கிலாந்தில் ஒரு குடிசையும் சில ஏக்கரும் வைத்திருந்த சிறு குடியானவர்கள் ஏராளம். அவர்களில் பலருடைய நிலம் ‘காப்பிஹோல்டு’ என்ற வகையைச் சேர்ந்தது. நிலம் ஒரு நிலப்பிரபுவின் மேனருக்கு, அதாவது அவருடைய ஆளுகைக்கு உட்பட்ட நிலத்தொகுதிக்கு, கட்டுப்பட்டது. கைமாறும் ஒவ்வொரு முறையும் மேனர் நீதிமன்றத்தில் பழைய குடி ஒப்படைக்க, புதிய குடி ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும். அந்தப் பதிவின் நகலே குடியின் உரிமைப் பத்திரம். நகல்தான் பத்திரம் என்பதால் நிலத்துக்கே அந்தப் பெயர் வந்தது. இந்த முறை 1926 ஜனவரி 1-இல்தான் ஒழிந்தது. நிலத்தின் கதையில் ஆளின் கதையும் தலைமுறைக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும் என்பதே நமக்குக் கிடைக்கும் லாபம். 1733 மார்ச் 25-க்குப் பிறகு நீதிமன்ற ஆவணங்கள் லத்தீனை விட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிட்டன. லத்தீன் தெரியாத எனக்கு அது பெரிய வரம்.

எந்த மேனர் என்று கண்டுபிடிப்பதில்தான் சறுக்கினேன். பாரிஷும் மேனரும் ஒன்றல்ல. ஒரே பாரிஷுக்குள் நான்கைந்து மேனர்களின் நிலங்கள் கலந்து கிடக்கும். ஒரு மேனர் பல பாரிஷ்களுக்குள் துண்டு துண்டாகப் பரவியிருக்கும். இதை அறிந்திருந்தும், ஊரின் பெயரையே தாங்கிய மேனரின் ஏடுகளைக் கேட்டு வாங்கி, இரண்டு முழு நாட்களை வீணாக்கினேன். பிறகு செய்ய வேண்டியதைச் செய்தேன்: லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகம் பராமரிக்கும் மேனர் ஆவணப் பட்டியலில் பாரிஷின் பெயரைக் கொடுத்து, அங்கே நிலம் இருந்த எல்லா மேனர்களையும், அவற்றின் ஏடுகள் எந்தெந்த ஆண்டுக்கு எங்கே இருக்கின்றன என்பதையும் எழுதிக்கொண்டேன். நான்கு மேனர்கள், அவற்றில் இரண்டுக்கு மட்டுமே 1740 முதல் 1800 வரை இடைவெளி இல்லாத ஏடுகள் எஞ்சியிருந்தன. இரண்டும் பிரைட்டனுக்கு அருகே ஃபால்மரில் 2013-இல் திறக்கப்பட்ட ‘த கீப்’ ஆவணக்காப்பகத்தில் இருந்தன.

அங்கே எழுதப் பென்சில்தான், பேனாவை மேசைக்குக் கொண்டுபோக முடியாது. ஏட்டைச் சாய்வாகத் தாங்கப் பஞ்சு மெத்தைகளும், பக்கம் மூடாமலிருக்க மணிகள் கோத்த பாம்பு போன்ற பாரங்களும் கொடுப்பார்கள். இரண்டாவது மேனரின் தடித்த ஏட்டின் பின்பக்கத்தில் காரியஸ்தர் தம் வசதிக்காக எழுதிவைத்த பெயர் அட்டவணை இருந்தது. குடும்பப் பெயர் அதில் வேறொரு எழுத்துக்கூட்டலில் இருந்தாலும் காதில் ஒன்றாகவே ஒலித்தது. உதடு அசையப் படித்துப் பார்ப்பது இந்த வேலையில் கூச்சப்பட வேண்டிய பழக்கமல்ல.

1751 அக்டோபரில் கூடிய நீதிமன்றப் பதிவின் சாரம் இது. சென்ற நீதிமன்றத்துக்குப் பிறகு ஜான் இறந்துவிட்டார் என்று குடிகளின் குழு அறிவிக்கிறது. அவர் ஒரு குடிசையும் ஆறு ஏக்கரும் வைத்திருந்தார். இறந்த குடியின் சிறந்த கால்நடை நிலப்பிரபுவுக்கு உரியது என்ற வழக்கப்படி ஒரு பசு போயிற்று. அதன் மதிப்பு 2 பவுண்டு 10 ஷில்லிங். அவருடைய கடைசி மகன் வில்லியம், சுமார் ஒன்பது வயது, மேனர் வழக்கப்படி அடுத்த வாரிசு. நுழைவுக் காணிக்கையாக 6 பவுண்டு கட்டி, தாய் சாராவைக் காப்பாளராகக் கொண்டு அவன் குடியாக ஏற்றுக்கொள்ளப்படுகிறான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1742 பிப்ரவரியிலிருந்து 1751 அக்டோபர் வரை ஒன்பது ஆண்டு எட்டு மாதம். ஏட்டின் 1741-ஐ அப்படியே எடுத்திருந்தால் பத்து வயது என்று வந்து, இவன் வேறு வில்லியமோ என்ற ஐயம் எழுந்திருக்கும். ஜானின் அடக்கத்தையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. பாரிஷ் ஏட்டின் அந்தப் பக்கம் ஈரம் பட்டுக் கரைந்திருந்தது. பாரிஷ்கள் ஆண்டுதோறும் தங்கள் பதிவுகளின் படியொன்றைப் பேராயருக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இருந்தது. சிச்செஸ்டரில் பாதுகாக்கப்படும் அந்தப் படியில் 1751 ஏப்ரலில் ஜானின் அடக்கம் தெளிவாக இருந்தது.

இங்கே நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். ‘கடைசி மகன்’ என்பதைப் படித்ததும், மூத்த மகன்கள் எல்லாரும் இறந்துபோனதால்தான் கடைசி மகனுக்கு நிலம் வந்தது என்று மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டேன். தலைப்பிள்ளைக்கே முதல் உரிமை என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஜானுக்கு 1732-இலும் 1735-இலும் பிறந்த தாமஸ், ஜான் என்ற இரண்டு மூத்த மகன்கள் இருந்தார்கள். அவர்களுடைய அடக்கப் பதிவுகளை ஒரு வாரம் தேடினேன். ஒன்பது பாரிஷ்களிலும் கிடைக்கவில்லை. இருவரும் ஊரை விட்டுப் போய் எங்கோ இறந்திருப்பார்கள் என்று குறிப்பேட்டில் எழுதி அடியில் கோடும் போட்டேன்.

பிறகு ஒரு மாலை 1768-இன் திருமணப் பதிவின் படத்தை மறுபடியும் பார்த்தபோது, சாட்சி ஜான் கண்ணில் பட்டார். இறந்துபோனதாக நான் எழுதிவைத்த அண்ணன், தம்பியின் திருமணத்தில் கையொப்பமிட்டுக்கொண்டிருக்கிறார்! அது வேறொரு ஜானாகவும் இருக்கலாம் என்பதால், 1760-இல் அடுத்த பாரிஷில் மணமுடித்த ஜானின் கையொப்பத்தோடு ஒப்பிட்டேன். ‘ஹெச்’ எழுத்தின் முதல் காலை அவர் கீழே வளைத்து மேலே இழுக்கும் விதம் இரண்டிலும் ஒன்றே. அண்ணன் உயிரோடிருக்கத் தம்பிக்கு எப்படி நிலம்? நீதிமன்றப் பதிவுக்குத் திரும்பினால் விடை அங்கேயே இருந்தது: ‘மேனர் வழக்கப்படி’. வெறும் சட்டச் சடங்குச் சொல் என்று நான் தாண்டிப்போன சொற்கள் அவை.

அந்த வழக்கத்துக்கு ‘பரோ இங்கிலீஷ்’ என்று பெயர். தந்தை உயில்வழி வேறு ஏற்பாடு செய்யாமல் இறந்தால் நிலம் மூத்தவனுக்கல்ல, கடைசி மகனுக்குப் போகும். இங்கிலாந்தின் பொதுச் சட்டம் தலைமகனுக்கு நிலத்தைக் கொடுக்க, சில மேனர்களின் வழக்கம் இப்படித் தலைகீழாக இருந்தது. அவை மிக அடர்ந்திருந்த பகுதிகளில் சசெக்ஸும் ஒன்று. மூத்தவர்கள் பிழைப்புத் தேடி வெளியேறியிருக்க, தந்தை இறக்கும்போது வீட்டில் இருப்பவன் கடைசிப் பிள்ளைதான் என்பதை இதற்குக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. காரணம் எதுவானாலும், சசெக்ஸில் நிலம் யாருக்குப் போயிற்று என்பதை வைத்து மூத்த மகன் யார் என்று ஊகிப்பவர் மேனரின் வழக்கத்தை முதலில் கேட்டறிய வேண்டும்.

ஜானின் மகன் வில்லியமுக்கு நிலம் வந்தது தெரிந்துவிட்டது. அவர்தான் மேரியை மணந்தவர் என்பதற்குச் சாட்சி ஜான் ஒரு பலமான அறிகுறி, ஆனால் அறிகுறிதான். உறுதி 1769-இன் பதிவில் கிடைத்தது. அதில் வில்லியம் நீதிமன்றத்துக்கு வந்து தம் குடிசையையும் ஆறு ஏக்கரையும் நிலப்பிரபுவின் கையில் ஒப்படைக்கிறார். பிறகு தமக்கும் தம் மனைவி மேரிக்கும் இருவரின் ஆயுள் வரை, அதன்பின் தம் வாரிசுகளுக்கு என்று திரும்பப் பெறுகிறார். காரியஸ்தர் ஒரு கோலின் முனையை நீட்ட, இருவரும் அதைப் பிடித்து உரிமை பெற்றார்கள். 1751-இல் கைம்பெண்ணான சாரா குடியாகவில்லை, மகனின் காப்பாளராக மட்டுமே இருந்தார் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், கணவன் இறந்தபின் மனைவிக்கு ஆயுள் உரிமை தரும் வழக்கம் இந்த மேனரில் இல்லை என்று தோன்றுகிறது. தாய் பட்டதைக் கண்ட மகன், மணமுடித்த மறு ஆண்டே மனைவிக்கு அந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறேன். இது என் ஊகம்.

இதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஒருவர்தான் இவர் என்று நிறுவுவதோடு, மற்றவர் இவரல்லர் என்றும் நிறுவாவிட்டால் கணக்கு பாதிதான் முடிந்திருக்கும். தாமஸின் மகனான 1738-இன் வில்லியம் எங்கே போனார்? அவரைக் காட்டிக்கொடுத்தது வறுமை. 1662-இன் குடியமைவுச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த சட்டங்களும், ஏழை ஒருவனைத் தாங்கும் செலவு எந்தப் பாரிஷைச் சேரும் என்ற சண்டையை நூற்றாண்டுக் கணக்கில் வளர்த்தன. பிறப்பாலோ, மணமாகாத நிலையில் முழு ஓராண்டு ஓரிடத்தில் வேலைக்கு அமர்ந்ததாலோ, ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகை மதிப்புள்ள இடத்தை வைத்திருந்ததாலோ, தொழில் பழகியதாலோ ஒருவனுக்கு ஒரு பாரிஷில் ‘குடியமைவு’ உண்டாகும். ஐயம் வந்தால் நீதவான்கள் முன் நிறுத்தி வாழ்க்கையை விசாரிப்பார்கள். அந்த விசாரணைத் தாள்கள் பாரிஷின் பெட்டியில் சேரும்.

வட்டத்தின் தெற்கு விளிம்பில் இருந்த பாரிஷின் பெட்டியில் 1774-இன் தாள் ஒன்று இருந்தது. சுமார் 36 வயதுள்ள வில்லியம், தாமஸின் மகன், எங்கள் ஊரில் பிறந்தவர். புனித மிக்கேல் திருநாளில் ஒரு பண்ணையாரிடம் ஓராண்டுக்கு 5 பவுண்டு கூலிக்கு அமர்ந்து முழு ஆண்டும் வேலை செய்தவர். மனைவி எலிசபெத், குழந்தைகள் மூவர். கீழே பெயர் இல்லை, பெருக்கல் குறி மட்டும். எழுதத் தெரிந்தவர்களும் நோயிலோ அவசரத்திலோ குறி போடுவது உண்டு என்பதால் அதை மட்டும் சான்றாகக் கொள்ளக் கூடாது. ஆனால் மனைவியின் பெயர், வயது, தந்தை மூன்றும் சேர்ந்தபின் இவர் மேரியின் கணவர் அல்லர் என்பதில் ஐயமில்லை. அத்தையின் தாளில் இருந்த 1738-ஐ அன்று அடித்தேன்.

எஞ்சிய கதையை நிலவரிப் பட்டியல்கள் சொல்லின. 1780 முதல் 1832 வரையிலான பட்டியல்கள், வாக்குரிமையைச் சரிபார்க்கப் பயன்பட்டதால், மாவட்ட ஆவணங்களில் பெருமளவில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. தொடக்க காலப் பட்டியல்களில் நிலத்தின் பெயர் பெரும்பாலும் இராது. உரிமையாளர், அனுபவிப்பவர், தொகை என்ற மூன்றுதான். நிலத்துக்கு விதித்த தொகை பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு மாறாது என்பதால், தொகையையே நிலத்தின் அடையாளமாகப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். எங்கள் தொகை 12 ஷில்லிங். பவுண்டுக்கு 4 ஷில்லிங் வீதம் கணக்கிட்டால் ஆண்டுக்கு 3 பவுண்டு மதிப்புள்ள சொத்து. 1793 வரை வில்லியம். அந்த ஆண்டில் அவருடைய அடக்கம். 1794 முதல் ‘கைம்பெண்’ என்ற சொல்லோடு அதே 12 ஷில்லிங். 1810-இல் ஹென்றி.

ஹென்றி, வில்லியம் மேரியின் கடைசி மகன். 1782-இல் ஞானஸ்நானம் பெற்றவர். மேரி 1809-இல் இறக்க, அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் ஹென்றியே குடியானார். மூத்தவரான நாற்பது வயது ஜேம்ஸுக்கு ஒன்றுமில்லை. வழக்கத்தை மீறி ஜேம்ஸுக்குக் கொடுக்க வில்லியம் விரும்பியிருந்தால், உயில் எழுதினால் மட்டும் போதாது. அதற்கு முன்பே நிலத்தை ‘என் உயிலின்படி’ என்று நீதிமன்றத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும். இந்தக் கட்டாயம் 1815-இல்தான் நீங்கியது. அவர் அப்படி ஒப்படைத்ததற்கு ஏட்டில் தடயமில்லை. விளைச்சலில் பத்திலொன்றை ஆலயத்துக்குக் கொடுக்கும் தசமபாக வரியைப் பணமாக மாற்றிய 1836-இன் சட்டத்துக்காக வரைந்த வரைபடத்தில், ஆறு ஏக்கருக்கு உரியவர் ஹென்றி. அதே பாரிஷின் மறுமுனையில் வாடகைக் குடிசை ஒன்றில் ஜேம்ஸ். கூலிகளாகவே இருந்தவர்கள் என்று குடும்பம் நம்பிய வம்சம், ஒரே ஒரு தலைமுறையில், மூத்தவனாகப் பிறந்ததால் கூலியாகியிருக்கிறது.

வரைபடத்தின் நகலை மாமியாரிடம் காட்டியபோது அவர் ஹென்றியின் வயலை விட ஜேம்ஸின் குடிசையையே அதிக நேரம் பார்த்தார். பிறகு, “ஹென்றியின் பேரப்பிள்ளைகளுக்கு நாங்கள் எந்நாளும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பியதில்லை, காரணம் இதுதானோ?” என்று சிரித்தார்.

புதிய தாளில் வில்லியம் 1742, தந்தை ஜான், தாய் சாரா என்று மையிலேயே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் பின்பக்கத்தில் ஏட்டின் எண்ணும் பக்கமும் இருக்கின்றன. சாராவின் பிறந்த வீட்டுப் பெயர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அவர்கள் திருமணம் 1754-க்கு முந்தையது. ஒன்பது பாரிஷ்களிலும் ஓலைக்கான தடயமே இல்லை. ஓலைக்குப் பதிலாக உரிமம் பெற்று மணமுடித்திருந்தால், 1731-ஐ ஒட்டிய உரிமப் பத்திரங்களில் மணமகன் கையொப்பமிட்ட பிணைத்தாள் இருக்க வேண்டும். அடுத்த மாதத்துக்கு அதைத்தான் கேட்டு எழுதியிருக்கிறேன்.